பாக்கெட் அக்காவும் இருபத்தொரு வேலை நாளும்

அந்தச் சலவைக்கடைக்காரிக்குப் பாக்கெட் அக்கா என்ற பெயர் சும்மா வரவில்லை. எந்தத் துணியானாலும் அது கடைப்பலகையைத் தாண்டி உள்ளே போவதற்கு முன்னால் அவள் கை அதன் பைகளுக்குள் போய் வந்துவிடும். கோட்டின் உள்பை, பேண்டின் பின்பை, சட்டையில் தைத்துவிட்டு மறந்துபோன ரகசியப் பை, ஒன்றையும் விடமாட்டாள். கிடைத்ததை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, துணியின் நம்பர் சீட்டோடு சேர்த்து ஊக்கு குத்திவிடுவாள். துணி வெளுத்து, இஸ்திரியாகி, மடிப்புக் கலையாமல் திரும்பும்போது அந்தச் சின்னப் பையும் கூடவே திரும்பும். பல்செட் திரும்பியிருக்கிறது. பரீட்சை நுழைவுச்சீட்டு திரும்பியிருக்கிறது. ஒருத்தன் இன்னொருத்திக்கு எழுதிய கடிதம்கூடத் திரும்பியிருக்கிறது. அவன் மனைவி வந்து, “அவரு சட்டைல என்ன இருந்துச்சு அக்கா?” என்று நைசாகக் கேட்டபோது, “அழுக்கு இருந்துச்சு, போக்கிட்டேன்” என்று சொல்லி அனுப்பியவள் அவள்.

பணம் கிடந்தாலும் அதே கதைதான். நூறோ பத்தாயிரமோ, பையில் போடு, ஊக்கைக் குத்து. இதற்காக யாராவது புகழ்ந்தால் அவளுக்குக் கோபம் வரும். “உங்க காச உங்களுக்குக் குடுக்கிறதுக்கு எனக்கு எதுக்குங்க பாராட்டு? அப்ப என்னைத் திருடியின்னா நெனச்சுட்டு இருந்தீங்க?” என்று கேட்டு, புகழ வந்தவரை ஓட ஓட விரட்டுவாள்.

சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அடையாளம் சொல்ல வேண்டும். என்ன நிறம், என்றைக்குப் போட்டது, எந்தப் பொத்தான் அறுந்திருக்கிறது. சொன்னது பொருந்தினால் யார் வந்தாலும் கொடுப்பாள். அண்ணனுக்குத் தம்பி வரலாம், முதலாளிக்கு டிரைவர் வரலாம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டை ஆள் மாறிப் போனதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாவிகள் அவளைக் கவிழ்த்தது இந்த இடத்தில்தான்.

கடைக்கு எதிர்க் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஒரு கம்பெனி இருந்தது. போனிலேயே பணம் கொடுக்கல் வாங்கல் செய்ய வைக்கிற கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் நாற்பது பேருக்கும் நீல நிறக் கோட்டு. அந்த நாற்பது கோட்டும் வாராவாரம் பாக்கெட் அக்காவிடம்தான் வெளுப்புக்கு வரும். ஒருநாள் அங்கிருந்து நீலக் கோட்டுப் பெண் ஒருத்தி இறங்கி வந்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு ஸ்டிக்கரைக் கடைப்பலகையில் ஒட்டிவிட்டுப் போனாள். “போன இதுக்கு நேரா காட்டினாப் போதும்க்கா. ஒரே நிமிஷத்துல காசு உங்க கணக்குக்கு வந்துரும். உங்க மரப்பெட்டிய விடப் பத்திரம்” என்றாள். பத்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது பாக்கெட் அக்கா பல்லைக் கடிக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு வேறு வழியில்லை. வருகிறவர்கள் எல்லோரும் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்றால் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும் என்று விட்டாள். இரண்டே வருஷத்தில் கடை வருமானம் முழுக்க அந்த ஸ்டிக்கர் வழியாகத்தான் வந்தது. மரப்பெட்டியில் ஊக்கும் நூல்கண்டும் மட்டும் மிஞ்சின.

அவள் புருஷன் நீராவி இஸ்திரி போடுகிறவர். கேலி பேசாமல் ஒரு சட்டையை மடிக்கத் தெரியாத மனிதர். நீராவி கொடுக்கிற பாய்லர் அவர்கள் கல்யாணத்தை விட வயதானது. அதன் குழாய் மூட்டில் எத்தனை தடவை பற்றவைத்தாலும் மறுபடி கசியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த மூட்டு விட்டுப்போய், கொதிநீராவி அவர் முன்கையில் பாய்ந்தது. முழங்கை வரைக்கும் தோல் உரிந்து தொங்கியது. அப்போதும் அந்த மனுஷன், “சுருக்கம் போயிடுச்சு பாரு” என்றார். பாக்கெட் அக்கா சிரிக்கவில்லை. இந்தச் சனியனுக்கு முன்னால் இனிமேல் உங்களை நிற்க விடமாட்டேன் என்று அவர் கையில் போட்டிருந்த கட்டைத் தொட்டுச் சொன்னாள்.

பாய்லர் மெக்கானிக் ஒரு நல்ல பாய்லரைப் பார்த்து வைத்திருந்தார். மூடப்போகும் ஒரு ஓட்டலுடையது, மூன்று வருஷம்தான் ஓடியது. விலை எழுபதாயிரம். “சனிக்கிழமைக்குள்ள காசு கைக்கு வந்துடணும் அக்கா. ஆஸ்பத்திரி சலவைக்காரங்களும் கேட்டுட்டு இருக்காங்க. அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது” என்றார். அவள் கணக்கில் அறுபத்தெட்டாயிரம் இருந்தது. இரண்டு நாள் வசூல் வந்தால் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கோட்டுகளைப் பிரித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்குப் போன் மணியடித்தது. கணக்கில் பதினெட்டாயிரம் வந்திருப்பதாகச் செய்தி. யாரென்று தெரியாத பெயர். பதினெட்டாயிரத்துக்கு எந்த மகராசன் துணி வெளுக்கிறான் என்று அவள் யோசிக்கும்போதே கூப்பிட்டார்கள். ஒரு பெண்ணின் அழுகைக் குரல்.

“அக்கா, எங்கம்மாவ ஆபரேஷனுக்குச் சேத்திருக்கோம். என் தம்பிக்கு அனுப்பினது ஒரு நம்பர் மாறி உங்களுக்கு வந்துடுச்சு. பதினெட்டாயிரம் அக்கா. உங்க கால்ல விழறேன்.”

பாக்கெட் அக்கா ஏமாளி இல்லை. முதலில் கணக்கைத் திறந்து பணம் நிஜமாகவே வந்திருக்கிறதா என்று பார்த்தாள். வந்திருந்தது. அப்புறம் தன் வழக்கப்படி அடையாளம் கேட்டாள். எத்தனை மணிக்கு அனுப்பினாய், எந்தப் பெயரில் அனுப்பினாய், ரசீதின் கடைசி நாலு எண் என்ன. எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தின. பொருந்தாமல் என்ன செய்யும், அனுப்பியவர்களே அவர்கள்தானே. “ஆஸ்பத்திரில காசு கட்ட என் தம்பிதான் நிக்கிறான், அவன் நம்பருக்கே போட்டுடுங்க அக்கா” என்றாள் அந்தப் பெண். அண்ணன் துணியைத் தம்பி வாங்கிப் போவதில்லையா? அடுத்தவர் காசு, பையில் போடு, ஊக்கைக் குத்து. இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டாள். “அம்மாவப் பாத்துக்கோம்மா” என்று வேறு சொன்னாள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பதினெட்டாயிரம் தானாகக் குறைந்தது. முதலில் வந்த பணம் யாரோ ஒருவர் கணக்கை உடைத்துத் திருடியதாம். உரியவர் புகார் கொடுத்ததும் கம்பெனி அதை இவள் கணக்கிலிருந்து உருவிக்கொண்டது. அந்தத் தம்பிக்கு இவள் அனுப்பியது? அது யானை வாயில் போன கரும்பு. அத்தோடு விட்டார்களா? மூன்று மணிக்கு இன்னொரு செய்தி. ‘சந்தேகத்திற்குரிய நடவடிக்கை காரணமாக உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.’ மிச்சமிருந்த ஐம்பதாயிரமும் பூட்டுக்குள். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்தது.

சந்தேகத்திற்குரிய. அந்தச் சொல்லை அவள் நாலு தடவை படித்தாள். இருபத்திரண்டு வருஷம் ஊர்ச் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு பைசா எடுக்காதவளைப் பார்த்து ஒரு போன் சொல்கிறது, சந்தேகத்திற்குரியவள் என்று.

உதவி வேண்டுமா என்ற இடத்தில் தட்டினாள். ‘வணக்கம்! நான் உங்கள் தோழி. இன்று உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று எழுத்து வந்தது. ஆளில்லை, எந்திரம். ஆறு கேள்வி கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ரகசிய எண் மறந்துவிட்டதா, மொழியை மாற்ற வேண்டுமா, நண்பருக்குப் பரிந்துரைத்துப் பரிசு பெற வேண்டுமா. என் காசைத் திருடிவிட்டார்கள் என்ற கேள்வியே அதில் இல்லை. அவள் ஒற்றை விரலால் அரைமணி நேரம் நடந்ததெல்லாம் தட்டினாள். ‘மன்னிக்கவும், புரியவில்லை. சுருக்கமாகக் கேளுங்கள்’ என்றது தோழி. ‘திருடிட்டாங்க’ என்று தட்டினாள். ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. இருபத்தொரு வேலை நாட்களுக்குள் பதில் கிடைக்கும். உங்கள் பொறுமைக்கு நன்றி.’

“எனக்குப் பொறுமை இருக்குன்னு இவளுக்கு எவன் சொன்னது?” என்றாள் புருஷனிடம்.

“அதானே. முப்பது வருஷமா நான் தேடிட்டு இருக்கேன்” என்றார் அவர்.

“பேசாதீங்க. சனிக்கிழமைக்கு என்ன செய்யப் போறோம்?”

அதற்கு அவரிடம் கேலி இல்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதில் இன்னொரு கொடுமை கேளுங்கள். வெளியே வரத்தான் பூட்டே தவிர, உள்ளே போகப் பூட்டில்லை. வாடிக்கையாளர்கள் வழக்கம்போல ஸ்டிக்கரில் போனைக் காட்ட, அன்றைய வசூலும் அந்தப் பூட்டுக்குள்ளேயே போய் விழுந்தது. சாயங்காலம்தான் அவளுக்கு இது உறைத்தது. நம்பர் சீட்டு நாலைந்தை எடுத்துப் பசை தடவி அந்த ஸ்டிக்கரின் மேல் அடை அடையாக அப்பினாள்.

புதன்கிழமை எதிர்க் கட்டடத்துக்குப் போனாள். வாசலில் இருந்த காவலாளி தினம் வணக்கம் சொல்கிற ஆள். அவரும் தடுத்தார். “வாடிக்கையாளருங்க யாரையும் மேல விடக் கூடாதுன்னு உத்தரவுக்கா. எதுன்னாலும் போன்லயே போடச் சொல்லுவாங்க.”

“போன்லதான தம்பி என் காசே மாட்டிட்டு இருக்கு.”

“எனக்குப் புரியுதுக்கா. ஆனா என் வேலை போயிடும்.”

அவரைத் திட்டிப் பயனில்லை. திரும்பி வந்து இரவோடு இரவாக நாற்பது கோட்டையும் முடித்தாள். வியாழக்கிழமை கோட்டுகள் போகிற நாள். வழக்கமாகப் புருஷன் கொண்டுபோவார். அன்றைக்கு அவளே வண்டியைத் தள்ளினாள். துணி வந்திருக்கிறது என்றதும் கதவு திறந்தது. பணம் பறிகொடுத்தவளுக்குத் திறக்காத கதவு, சலவைக்காரிக்குத் திறந்தது.

நாலாவது மாடியில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தார்கள். ஒரு பெண்ணின் பின்னால் நின்று பார்த்தாள். திரையில் யாரோ ஒரு பாவப்பட்ட ஆத்மா மூச்சுவிடாமல் என்னென்னவோ எழுதியிருந்தது. இந்தப் பெண் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினாள். ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று முழு வரியும் போய் விழுந்தது. அதைத் தட்டச்சு செய்கிற சிரமம்கூட அவர்களுக்கு இல்லை.

புகார்ப் பிரிவு அதிகாரி கண்ணாடி அறைக்குள் இருந்தார். மரியாதையான ஆள்தான், உட்காரச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தார்.

“அம்மா, இந்தப் பரிமாற்றத்த நீங்களேதான செஞ்சிருக்கீங்க. உங்க போன், உங்க ரகசிய எண்.”

“ஆமா. அடுத்தவங்க காசுன்னு திருப்பிக் குடுத்தேன்.”

“அங்கதாம்மா தப்பு.”

“காசத் திருப்பிக் குடுத்தது தப்பா?”

அவர் பேனாவை உருட்டினார். “நம்ம வழியா புகார் குடுத்திருந்தா நாங்க திருப்பியிருப்போம்.”

“திருட்டுக் காசு உங்க வழியாத்தான சார் எங்கிட்ட வந்துச்சு? வரும்போது அது தெரியல உங்க எந்திரத்துக்கு. அவன் வாங்கிட்டுப் போகும்போதும் தெரியல. எங்கிட்ட பிடுங்கும்போது மட்டும் எப்படி சார் கண்ணு தெரியுது? பதினெட்டாயிரம் என் முட்டாள்தனத்துக்குப் போகட்டும். மிச்ச ஐம்பதாயிரம் நான் தொவச்ச காசு. நாளன்னிக்குப் பாய்லருக்குக் கட்டணும். எம் புருஷன் கை வெந்து கெடக்கு.”

“வருத்தமாத்தாம்மா இருக்கு. ஆனா முடக்குறதும் திறக்குறதும் எங்க கைல இல்ல. அது தலைமை அலுவலகத்துல எந்திரமே பண்றது. இருபத்தொரு வேலை நாள் ஆகும்.”

அவள் வண்டியிலிருந்து அவருடைய கோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். சீட்டோடு குத்தியிருந்த சின்னப் பைக்குள் ஒரு கல்யாண மோதிரம். அதிகாரி எழுந்தே விட்டார்.

“அம்மா, இதத்தான் மூணு நாளா தேடிட்டு இருக்கேன். வீட்ல ஒரே சண்டை. குடுங்க குடுங்க.”

பாக்கெட் அக்கா பையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். “உங்க புகார் பதிவாகியிருக்கு சார். இருபத்தொரு வேலை நாள்ல பதில் வரும். உங்க பொறுமைக்கு நன்றி.”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே பிள்ளைகள் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

“பயந்துட்டீங்களா?” என்றாள். பையை மேசைமேல் வைத்தாள். “இந்தாங்க. எனக்கு இதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். எங்கிட்ட எந்திரம் இல்ல பாருங்க.”

சனிக்கிழமை பாய்லர் ஆஸ்பத்திரி சலவைக்காரர்களுக்குப் போயிற்று. மெக்கானிக் போன் பண்ணி வருத்தப்பட்டார். அவரைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவரும் பிள்ளைகுட்டிக்காரர். பழைய பாய்லருக்குக் குழாய் மூட்டில் துணி சுற்றிக் கம்பி கட்டினார்கள். புருஷனைக் கல்லாவுக்குத் துரத்திவிட்டு அதன் முன்னால் அவளே நின்றாள். சொன்ன சொல்லை அந்த மட்டுக்காவது காப்பாற்ற வேண்டுமே. மூன்றாவது வாரம் கம்பி விட்டது. அவளுடைய மணிக்கட்டிலிருந்து புறங்கை வரை வெந்தது. ஆளுக்கொரு கட்டோடு இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வாடிக்கையாளர்கள் என்ன சண்டை என்று விசாரித்தார்கள்.

இருபத்து மூன்றாவது வேலை நாளில் செய்தி வந்தது. ‘ஆய்வு நிறைவடைந்தது. உங்கள் கணக்கில் விதிமீறல் ஏதும் இல்லை. கணக்கு மீண்டும் செயல்படும். நீங்களே அங்கீகரித்த பரிமாற்றத்திற்கு நிறுவனம் பொறுப்பேற்காது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ பாக்கெட் அக்கா போனைத் துணிமூட்டைமேல் விட்டெறிந்தாள். கையில் காசு இருந்தது, வாங்கப் பாய்லர் இல்லை. அடுத்தது கிடைக்க ஆறு மாதமாகும் என்றார் மெக்கானிக். ஸ்டிக்கர்மேல் அப்பிய சீட்டுகளையும் அவள் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அதை மறைத்த நாளிலிருந்து பாதி வாடிக்கை போயிருந்தது.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம், பாய்லர் முன்னால் நிற்கும்போது போன் மணியடித்தது. நாலாயிரம் வந்திருந்தது. உடனே அழைப்பும் வந்தது. இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிற கடிகாரக்கார ஐயா. கடிகாரம் பழுது பார்க்கிறவராக இருந்து ஓய்ந்தவர். பன்னிரண்டு வருஷ வாடிக்கை. முழங்கால் வலியால் இறங்கி நடப்பதே அபூர்வம்.

“அம்மா, நானூறு போட வேண்டியது, ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன். கண்ணு சரியாத் தெரியல. மாத்திரை வாங்க வச்ச காசும்மா. மிச்சத்தத் திருப்பி அனுப்பிடுறியா?”

“போன்ல திருப்ப மாட்டேன் ஐயா” என்றாள். “நேர்ல வந்து வாங்கிக்கோங்க.”

“சரிம்மா, காலைல வரேன்” என்றார்.

புருஷனுக்குப் பொறுக்கவில்லை. “அந்த மனுஷனால நடக்க முடியாது. குடு, நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்.”

“ஒண்ணும் வேணாம். பேசினது அவருதான்னு எப்படித் தெரியும்?”

“குரல் தெரியலையா உனக்கு?”

“அன்னிக்கும் குரல்தான் கேட்டேன்.”

ராத்திரி அவளுக்குத் தூக்கம் இல்லை. கை எரிந்தது, அது ஒரு பக்கம். அடுத்தவர் கேட்ட பணத்தைக் கொடுக்காமல் ஒரு ராத்திரி கழித்ததே இல்லை அவள். பேசியது அவர்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் கடை திறந்தபோது தெருமுனையில் ஐயா வருவது தெரிந்தது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பத்தடி நடந்து, மூடியிருந்த கடையொன்றின் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கைத்தடியை ஊன்றி எழுந்தார். புருஷன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். பாக்கெட் அக்காவுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அழுத அந்தப் பெண்ணின் மேல், எந்திரத்தின் மேல், நாலாவது மாடியின் மேல். எல்லாவற்றையும்விடத் தன்மேல்தான் அதிகமாக வந்தது.

ஐயா பலகையில் கையூன்றிக்கொண்டு, அவள் கேட்காமலே அடையாளம் சொன்னார். “நேத்து அஞ்சே காலுக்குப் போட்டதும்மா. நாலாயிரம். ரசீதோட கடைசி நம்பர் குறிச்சு வச்சிருக்கேன், இரு, சொல்றேன்.” மடித்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

“வேணாம் ஐயா.”

“இல்லம்மா, பாத்துக்கோ. நீ கேக்கறது சரிதான். காலம் அப்படி இருக்கு.”

அவர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். திரும்பிக்கொண்டு மரப்பெட்டியைத் திறந்தாள். மூவாயிரத்து அறுநூறை எண்ணி ஒரு சின்னப் பையில் போட்டாள். கட்டுப் போட்ட கையால் ஊக்கைக் குத்த வரவில்லை. இரண்டு தடவை விரலில் ஏறியது. வெளுத்து மடித்திருந்த அவருடைய சட்டையோடு அதைக் குத்தி முன்னால் வைத்தாள்.

“எண்ணிப் பாத்துக்கோங்க ஐயா.”

“உன் கையால வந்தத என்னிக்கும்மா எண்ணியிருக்கேன்?” என்றார்.

சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தடியை ஊன்றி, வந்த வழியே மெல்ல நடந்தார். கடைசிவரைக்கும் அவர் அதை எண்ணவில்லை.